ஊறிய வெந்தயத்தின் வாசனை

மாலை 3:40. காலணிகளைக் கழுவும் தொட்டியில் இரண்டு நிமிடம் நின்றோம். 3:44. உடைகளில் ஒட்டியிருந்த தூசியை உறிஞ்சி எடுத்தார்கள். 3:50. மூச்சுச் சோதனை. சிங்கப்பூரில், அடுக்குமாடிகளுக்கு நடுவே கண்ணாடிக் கூரையின் கீழ் இருக்கும் இந்தக் காட்டுக்குள் நுழைய இவ்வளவும் வேண்டும். எதையும் நேரத்தோடு குறித்துவைப்பது என் பழக்கம். நன்றாக எழுத வராதவர்கள் நேரத்தையாவது சரியாக எழுதலாம்.

நன்றாக எழுதுபவள் ஜெசிந்தா. தூத்துக்குடியில் ஹமீது சாரின் மாலை வகுப்பில் இரண்டு ஆண்டுகளாக என் பக்கத்து இருக்கை. மரங்களைத் திரையில் பார்த்து நாட்குறிப்பு எழுதுவோம். ஊரில் மரங்கள் இல்லை. தெம்புசு மரத்தைப் பற்றி நான், "உயரம் முப்பது மீட்டர், பட்டை கரும்பழுப்பு" என்று எழுதினேன். அவள், "நனைந்த பட்டையில் ஊறிய வெந்தயத்தின் வாசனை" என்று எழுதினாள். சார் அதை வகுப்புக்கே வாசித்துக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பூரணி, நீங்களும் கொஞ்சம் கற்பனை பண்ணுங்கம்மா."

அன்று வீட்டுக்குப் போய் மூன்று பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.

உலகில் எஞ்சியிருப்பவை ஏழு காடுகள். ஏதாவது ஒன்றுக்குள், வாழ்நாளில் ஒரே ஒருமுறை, இரண்டு மணி நேரம் போகலாம். வாசலில் உள்ள விழிவருடியில் கண் பதிந்துவிட்டால் அந்த உரிமை தீர்ந்தது. எங்கள் இருவருடையதையும் சேர்ந்தே செலவழிப்பது என்று வகுப்பின் முதல் மாதமே பேசிவைத்திருந்தோம்.

3:58. என் கண் பதிந்தது. பின்னால் ஒரு சத்தம். மஞ்சள் சட்டையில் வந்திருந்த ஜெசிந்தா வலது கணுக்காலைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"பெரண்டுடுச்சுடி. நீ போ."

"நீ இல்லாமயா?"

"உன் கண்ணு பதிஞ்சாச்சு, லூசு. இப்பத் திரும்பினா உனக்குப் போச்சு. எனக்கு இன்னும் பாக்கி இருக்கே, அடுத்த வருஷம் வந்துக்கறேன்."

காற்றுப்பூட்டுக் கதவு என் பின்னால் மூடியது. நான்தான் அவசரப்பட்டுவிட்டேனோ என்று உறுத்தியது. அவளுக்காக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போவதென்று முடிவுசெய்தேன். முதல் ஒரு மணி நேரம் மரங்களைவிட நோட்டைத்தான் அதிகம் பார்த்தேன்.

வழிகாட்டி லெட்சுமணன் சிரித்தார். "எழுதிக்கிட்டே இருந்தா எப்பம்மா பாக்குறது?"

"வெளிய இருக்கற ஃப்ரெண்டுக்குங்க. அவளால வர முடியல."

"யாரு, மஞ்சச் சட்டையா? உங்க கூட்டாளிதான் முன்னயே பாத்துட்டாங்களே."

"வேற யாராவது இருக்கும்ங்க."

"மூணு வருஷத்துக்கு முன்ன. ஒவ்வொரு மரத்துலயும் மூக்க வெச்சு மோந்து பாத்தாங்க. அப்படி யாரும் செஞ்சதில்ல, அதான் முகம் மறக்கல. ரெண்டாவது தடவ கெடையாதுல்ல, பாவம், உங்கள வாசல்வரைக்கும் விட வந்திருக்காங்க."

அவர் தவறாகச் சொல்கிறார், இல்லையென்றால் நான் தவறாகப் புரிந்துகொள்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். தெம்புசு எது என்று கேட்டேன். காட்டினார். சற்று முன் பெய்த செயற்கை மழையில் அடிமரம் நனைந்திருந்தது. பட்டையில் மூக்கை வைத்தேன்.

ஊறிய வெந்தயம்.

5:02 என்று குறித்தேன். அதற்குமேல் எழுத ஒன்றும் வரவில்லை. சேர்ந்து போவோம் என்று அவள் என் கையைப் பிடித்துச் சொன்ன நாளில் அவளிடம் உரிமையே இல்லை. கற்பனை என்று நான் ஏங்கியதெல்லாம் அவளுடைய ஞாபகம். நான் மந்தம் என்று நம்பிக்கொண்டிருந்ததை இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

மீதி நேரத்திலாவது நானாகப் பார்க்க முயன்றேன். பெரணியைப் பார்த்தால் பெரணி பற்றிய அவள் வாக்கியம் வந்தது. மீன்கொத்தி பறந்தபோது, பறவைக்கு முன்னால் அவள் வரி பறந்தது. என் வாழ்நாளின் காட்டில் எனக்கென்று ஓர் இலைகூட மிச்சமில்லை.

6:00. வெளியே வந்தேன். ஜெசிந்தா இப்போது இடது காலை நொண்டியபடி வந்தாள்.

"எப்படிடி இருந்துச்சு? எல்லாத்தையும் எழுதினியா?"

"எழுதல," என்றேன். "நீ எழுதின மாதிரியேதான் இருந்துச்சு."

நொண்டிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள்.