கூட இருக்க ஒரு ஆள்

அடுப்பங்கரையில் யாரோ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டுத்தான் ஜெபசெல்வி கண்ணைத் திறந்தாள்.

மயக்க மருந்தின் கசப்பு இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. காலையில் பித்தப்பையை எடுத்துவிட்டு, வெயில் தாழ்வதற்குள் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் நாலு சின்ன ஓட்டை, நாலு பிளாஸ்டர். "இப்பல்லாம் எல்லாரும் அன்னைக்கே வீட்டுக்குப் போயிருதாங்கம்மா" என்று பல் பிடுங்கியவர் மாதிரி சொன்னார் டாக்டர். ராத்திரி கூட ஒரு ஆள் இருக்க வேண்டும், அது மட்டும் கட்டாயம்.

அந்த ஆள்தான் அவளுக்கு இல்லை. நாசரேத்திலிருக்கும் அம்மாவுக்குத் தெரிந்தால் அடுத்த ஆராதனையில் சபையே அவளுக்காக ஜெபிக்கும். வருகிற வாரம் பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்கும் அது போய்விடும். அதனால் தான் வேலை பார்க்கும் ஷிப்பிங் ஆபீசைக் கூட்டிப் பெருக்கும் சந்தனமாரியைத் தன் அக்கா என்று நர்ஸிடம் காட்டினாள். வீட்டு வாசலிலேயே, "நீங்க போங்கக்கா, பிள்ளைங்க தேடும்" என்று அனுப்பியும் வைத்தாள்.

மனசு கேட்காமல் திரும்பி வந்திருப்பாளோ?

"யக்கா?"

சத்தம் நின்றது.

ஜன்னல் வழியே துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் இரைச்சலும், டீசல் புகையும், எங்கோ காய்கிற கருவாட்டின் வீச்சமும், கடலிலிருந்து வரும் பிசுபிசுத்த காற்றும் எப்போதும்போல வந்துகொண்டிருக்க, அவற்றுக்கெல்லாம் அடியில், புதிதாக, கஞ்சி கொதிக்கும் வாசம்.

போனை எடுத்து சந்தனமாரியைக் கூப்பிட்டாள்.

"எப்படிம்மா நம்ம நடிப்பு? 'ஏளா, ஒழுங்கா மாத்திரையத் தின்னு'ன்னு நர்ஸ் முன்னாலயே அதட்டுனேம்லா! சொந்த அக்கா தோத்துருவா!"

"அக்கா... நீங்க எங்க இருக்கீங்க?"

"திரேஸ்புரத்துல மீன் வாங்கிட்டு நிக்கேன். ஏம்மா, குரலு ஒரு மாதிரி இருக்கு?"

படுத்தபடியே பார்த்தாள். வாசல் கதவில் அவள் உள்ளிருந்து போட்ட தாழ்ப்பாள் அப்படியே கிடந்தது. அடுப்பங்கரையில் கரண்டி சட்டியைச் சுரண்டியது.

போன் கையிலிருந்து நழுவியது. தரையில் சறுக்கிக்கொண்டு நிலைப்படி வரைக்கும் போய், பேச்சு அறுந்து கிடந்தது. அதை எட்டிப் பிடிக்க எக்கியபோது, தொப்புளுக்குப் பக்கத்தில் ஏதோ பிய்ந்தது. வெதுவெதுப்பு. தொட்டுப் பார்த்தாள். பிளாஸ்டர் தொப்பலாக நனைந்திருந்தது.

"நனைஞ்சா உடனே சொல்லணும், சாயங்காலம் நானே போன் பண்ணுவேன்" என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். எழுந்தால் அறை சுற்றியது. கத்தினால் காற்றுதான் வந்தது. மாடி வீடு. கீழ்வீடு பூட்டியிருந்தது. இப்படியே கிடந்தால் நாளைக்கு ஆபீசில் தேடுகிற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை.

போன் அடித்தது.

நர்ஸ்தான். ஒரு வார்த்தை போதும். ரத்தம் என்று ஒரே வார்த்தை.

கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை.

வெறுங்கால் நடக்கும் சத்தம். ஈரக்கால்.

மணி நின்றது.

"சொல்லுங்க சிஸ்டர்."

பெண் குரல். இதமான குரல்.

"ஆமா, அவ அக்காதான் பேசுதேன். கஞ்சி குடிச்சிட்டு நல்லா தூங்குதா. ரத்தமா? ஒரு சொட்டு இல்ல. நான் பக்கத்துலயேதான இருக்கேன்."

ஜெபசெல்வி வாயைத் திறந்தாள். மூச்சு மட்டும்.

"நல்லதுக்கா. நீங்க இருக்கீங்கள்லா, இனிமே நான் கூப்பிடல." போனுக்குள் நர்ஸின் குரல் மெலிதாகக் கேட்டு அறுந்தது.

வெளியே லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

கட்டிலின் ஓரம் மெல்ல அமுங்கியது. அவள் நெற்றியிலிருந்து முடியை ஒதுக்கியது ஒரு கை. இன்னொரு கை பிளாஸ்டரின் முனையைத் தேடிப் பிடித்தது. வலிக்காதபடி, பையப் பைய உரித்தது.

பிறகு, சிப்பியைப் பிளந்து முத்து தேடுகிறவர்களின் பொறுமையோடு, குளிர்ந்த ஒரு விரல் அவள் வயிற்றுக்குள் தடவத் தொடங்கியது.