இருபத்தேழாம் எண்ணின் எதிர்முனை

அவள் வந்து இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. காவலாளி அவளுடைய அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு பெரிய கொட்டாவியோடு கதவைத் திறந்தார். நீளமான தாழ்வாரம். அதன் முடிவில் ஜன்னலே இல்லாத மெஷின் ஹால். உள்ளே குளிர், சூடான பிளாஸ்டிக் வாடை, ஓயாத இரைச்சல். வெளியே பகலா இரவா என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவளுக்கும் தெம்பில்லை.

மாதக்கணக்கில் ஊர் ஊராக அலைந்தாயிற்று. மகள் பள்ளிக்கூடம் சேர்ந்ததைப் போனில்தான் பார்த்தாள். இந்த ஹாலில் இருக்கும் மெயின்ஃப்ரேம் என்ற ராட்சதக் கணினிகளையும், அவளுடைய சொந்த ஊர் ஹாலில் இருப்பவற்றையும் ஒன்றோடொன்று பேச வைக்க வேண்டும். முடிந்தால் வீடு. இழுத்தால் இன்னும் ஒரு மாதம். இந்தத் தடவை ஏமாற்ற மாட்டேன் என்று மகள் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்திருந்தாள்.

ஹாலுக்குள் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பையனை எல்லோரும் 'கொட்டாவி' என்றே கூப்பிட்டார்கள்.

"ஏம்ப்பா, வீட்டுல தூங்கவே மாட்டியா?"

"நல்லாத்தான் தூங்குறேங்க்கா. இங்க வந்து உக்காந்தா தானா வருது. உங்களுக்கும் வரும் பாருங்க."

வந்தது.

அந்த ஹாலின் இணைப்பு எண்களைப் பார்த்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. கேபிள் போட்டவன் வாய்க்கு வந்ததை வைத்துவிட்டுப் போயிருந்தான். ஒரே மெஷினைக் கூப்பிட இங்கே ஒரு எண், அங்கே வேறொரு எண். அவள் ஒரே விதி வைத்தாள். நாலில் தொடங்கினால் கேட்கும் வழி, ஐந்தில் தொடங்கினால் பேசும் வழி. அடுத்து வருவது எதிர்முனை மெஷினின் சொந்த எண். எங்கே உட்கார்ந்து கூப்பிட்டாலும் அந்த எண்ணுக்கு அதே மெஷின்தான் பதில் சொல்லும்.

மெஷின்களின் வரிசையில் இருபத்தாறுக்கு அடுத்து இருபத்தெட்டு இருந்தது.

"இருபத்தேழு எங்கப்பா?"

"அந்த மெஷினைத் தூக்கிப் போட்டு ரொம்ப நாளாச்சுக்கா. அந்த நம்பரை யாருக்கும் குடுக்கிறதில்ல. விட்டுருங்க."

"ஏன், உங்க மாமனார் எழுதிவெச்ச சொத்தா?"

கொட்டாவி சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் புது மெஷின் ஒன்று வரப்போகிறது. காலியாக இருப்பது அந்த ஒரு எண்தான். அதை விட்டால் எல்லாவற்றையும் கலைத்து முதலிலிருந்து எழுத வேண்டும். நினைக்கும்போதே தோள்பட்டை வலித்தது. இருபத்தேழுக்கான வழியை இரண்டு ஊர் மெஷின்களிலும் எழுதி, உயிர் கொடுத்தாள்.

எதிர்முனையில் மெஷினே இல்லை. கேபிளும் இல்லை. திரையில் 'இணைப்பு இல்லை' என்றுதான் வர வேண்டும்.

'இணைந்தது' என்று வந்தது.

"விளையாடாதப்பா. கேபிளை எங்க சொருகுன?"

கொட்டாவி நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். கைகள் இரண்டும் கீபோர்டில் இல்லை, மார்பைப் பிடித்திருந்தன.

திரையில் ஆங்கில எழுத்துகளில் ஒரு தமிழ் வரி ஊர்ந்தது.

யாராவது இருக்கீங்களா?

பக்கத்துத் திரையிலும் அதே வரி. அதற்கு அடுத்ததிலும். வரிசை முழுக்க, ஒவ்வொன்றாக.

கதவு திறக்க மாட்டேங்குது.

"அவருதாங்க்கா," என்று கிசுகிசுத்தான் கொட்டாவி. "அந்த மெஷினைப் பார்த்துக்கிட்டவரு. தீயணைக்கிற கேஸ் தானா தொறந்துருச்சு. அது வந்தா மூச்சு விடக் காத்தே இருக்காது. கதவு மாட்டிக்கிச்சு. உள்ள இருந்து மெசேஜ் போட்டிருக்காரு. அப்ப அந்த மெஷினுக்கு ஒரே ஒரு வழிதான், ஒரே ஒரு திரைக்கு. அங்க இருந்தவங்க சாப்பிடப் போயிருந்தாங்க."

அவன் வாயைத் திறந்து காற்றை இழுத்தான். அது கொட்டாவி இல்லை என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

"இப்ப நீங்க எல்லாத்துக்கும் வழி போட்டுக் குடுத்துட்டீங்க."

அவளும் இழுத்துப் பார்த்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. உள்ளே எதுவும் போகவில்லை.

வாடை இல்லை. புகை இல்லை. வெறும் குளிர்.

இணைப்பைத் துண்டித்தாள். துண்டிக்கப்பட்டது என்றது திரை. அடுத்த நொடியே 'இணைந்தது' என்றது. கதவுக்குப் போக எழுந்தாள், கால் மடங்கி நாற்காலியிலேயே விழுந்தாள். மேசைமேல் போன் அடித்தது. சொந்த ஊர் ஹால்.

"மேடம்... இங்க யாரோ... கதவைத் திறக்கச் சொல்லி... எங்களுக்கு மூச்சு..."

போன் கீழே விழும் சத்தம்.

யாராவது இருக்கீங்களா?

கண் இருட்டிக்கொண்டு வந்தது. யோசிக்கவெல்லாம் முடியவில்லை. வேலை முடியும் நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்வோமே, அதையே விரல்கள் தடவித் தடவி அடித்தன.

இருக்கேன். கதவு திறந்தாச்சு. வாங்க, வீட்டுக்குப் போகலாம்.

எல்லாத் திரைகளும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன.

சரி. வரேன்.

காற்று வந்தது. நெஞ்சு வலிக்க வலிக்க இழுத்தாள். கொட்டாவி தரையில் உட்கார்ந்து இருமி இருமி அழுதான். திரையில் இருபத்தேழுக்கு நேராக 'இணைப்பு இல்லை' என்று ஒழுங்காக நின்றது. ஊர் ஹாலைக் கூப்பிட்டாள். எல்லோரும் நன்றாக இருந்தார்கள்.

"போயிட்டாருக்கா," என்றான் கொட்டாவி. "இத்தனை வருஷத்துல யாருக்கும் ஒரு பதில் போடத் தோணல பாருங்க."

வெளியே வந்தாள். வெயில் இப்போது தாய்மடி மாதிரி இருந்தது. படியிலேயே உட்கார்ந்து கணவனைக் கூப்பிட்டாள்.

"வேலை முடிஞ்சிருச்சுங்க. கிளம்புறேன்."

"தெரியுமே. உன் ஆபீஸ்காரர் வந்து சொன்னாரு."

"யாரு?"

"உங்கூட வேலை பார்க்கிறவராம். வீட்டுக்குப் போகலாம்னு நீதான் கூப்பிட்டியாம். பாவம், ஓடா தேஞ்ச மாதிரி இருக்காரு. இப்பத்தான் உக்கார வெச்சேன்."

அவள் படியை விட்டு எழுந்தாள்.

"பாப்பா எங்க?"

"அவர் பக்கத்துலதான். கதை கேட்டுக்கிட்டிருக்கா."

"அவளைத் தூக்கிக்கிட்டு வெளிய வாங்க. இப்பவே."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். செருப்பில்லாத காலடி. பிறகு கணவனின் குரல், வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவதுபோல.

"ஏய்... இவர் நிறுத்தாமப் பேசிக்கிட்டே இருக்காரு. நடுவுல மூச்சே விடலையே."