கழிவில் போன கட்டைவிரல்

"என் மண்டையிலேர்ந்து எதை எடுத்தீங்கன்னு நான் பாக்கணும் சார். பாத்துட்டுத்தான் கையெழுத்து."

கேட்கவே கூடாது என்று சுடர்க்கொடிக்குச் சொல்லி வைத்திருந்த விஷயம் அது. வேலையில் சேர்ந்த அன்றே மேலாளர் கிருபாகரன் சொல்லியிருந்தார். தூத்துக்குடி உப்பளத்திலிருந்து அவள் அம்மாவும் வாரம் தவறாமல் சொன்னாள்: "எதையும் கேட்டுத் தொலைக்காத தாயி. நம்ம வீட்டுல நாக்காலியில உக்காந்து சம்பாதிக்கிறவ நீ ஒருத்திதான்."

கிருபாகரனின் மேசையில் வழியனுப்புக் கேக் ஒன்று இருந்தது. போன வாரம் போனவனின் பெயரைச் சுரண்டிவிட்டு அதன்மேல் இவள் பெயரை எழுதியிருந்தார்கள். கேக்குக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் தாளும் விடுவிப்புச் சான்றிதழும். சான்றிதழ் இல்லாமல் ஊரில் வேறெந்தக் கம்பெனியும் வாசல்படி ஏற விடாது.

வருடம் 2096. சிறுசேரியின் கண்ணாடிக் கட்டடங்கள் கடல்நீரில் கால் நனைத்துக்கொண்டு நின்றன. அமெரிக்காவில் ஆள் மலிவு என்பதைச் சென்னைக் கம்பெனிகள் கண்டுபிடித்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. ஓஹையோவில் மாடி மாடியாக ஆட்கள் உட்கார்ந்து, செண்பகவல்லி, ஆறுமுகம் என்று வேலைப்பெயர் சூட்டிக்கொண்டு, "என்ன சார், கோயம்புத்தூர்ல வெயில் ஜாஸ்தியா?" என்று வாடிக்கையாளரிடம் குழைந்தார்கள்.

வேலையைக் கைமாற்றுவதும் சுலபம். படிமுடி என்ற வளையத்தை மூன்று மாதம் தலையில் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தால், அது ஆளின் பழக்கம் மொத்தத்தையும் திறன்படியாக உருவிக்கொள்ளும். கடல் கடந்து இன்னொருவர் பிடரியில் இருக்கும் சில்லில் அதை ஏற்றினால், மறுநாள் காலை அவர்தான் இவர்; இவருக்கு வழியனுப்புக் கேக். எடுத்துக்கொடுத்தவர் கையெழுத்துப் போட்டால்தான் படி செல்லும் என்று சட்டம் இருந்தது. கையெழுத்துப் போடாதவர் இதுவரை யாருமில்லை.

சுடர்க்கொடி ஓர் ஏற்பாளர். நிரல் எழுதுவதும் திருத்துவதும் எந்திரங்களின் வேலை. எந்திரத்தைத் திட்டினால் வாடிக்கையாளருக்கு ஆத்திரம் தீர்வதில்லை என்பதால், திட்டு வாங்க ஒரு மனிதரை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். கோவைக் குடிநீர்க் கம்பெனியின் எந்திரம் செய்த நாற்பத்தொரு பிழைகளை அவள் யாரும் சொல்லாமல் தானாகவே கண்டுபிடித்தவள். அந்த மூளையைத்தான் விலைபேசியிருக்கிறார்கள் என்று நம்பியிருந்தாள்.

"எதுக்கும்மா வீண் பிடிவாதம்?" என்றார் கிருபாகரன். "இன்னைக்குக் கையெழுத்து வந்தாகணும். நேத்து ராத்திரியே இருநூறு பேருக்கு உன் படியை ஏத்தியாச்சு."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியேவா?"

"நீ போட்டுருவேன்னு தெரியுமே!" என்று சிரித்தபடி திரையைத் திருப்பினார்.

நீளமான பட்டியல். பிழை கண்டறிதல்: கழிவு. ஓட்டக் கணிப்பு: கழிவு. விரலசைவுகள்: கழிவு. கடைசியில் ஒரே ஒரு வரி மட்டும் பச்சையில் மின்னியது. அடங்கல் அனிச்சை: முழுமையாக எடுக்கப்பட்டது.

"இதுதான் சரக்கு" என்றார் கிருபாகரன். பாராட்டும் தொனி. "திட்டினா அடுத்த நொடியே 'சரிங்க சார், தப்பு எங்க பக்கம்தான்'னு சொல்றே பாரு, அது ஓஹையோக்காரனுக்கு வரமாட்டேங்குது. ஏன்னு கேக்கறான். உன்னை மாதிரி ஆளுங்ககிட்டதான் இது சுத்தமாக் கிடைக்கும். விண்ணப்பத்துல 'முதல் பட்டதாரி'ன்னு கட்டத்துல டிக் அடிச்சே இல்ல? அதைப் பாத்துத்தான் உன்னை எடுத்தோம்."

அவள் முகம் சிவந்தது. அந்த முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக அப்பா தாலுகா ஆபீஸ் வாசலில் நாலு நாள் காத்துக் கிடந்தார். கூலியை விட்டுவிட்டுக் கிடந்தார்.

அவள் வாய் திறப்பதற்குள் திரை அலறியது. கோவை முதலாளி. மூச்சு வாங்கியது அவருக்கு.

"யோவ் கிருபாகரா! ரெண்டு மணி நேரம் தண்ணி வரலைன்னு கேட்டேன். 'சரிங்க சார், தப்பு எங்க பக்கம்தான்'னு ஒருத்தி மரியாதையாத்தான் சொன்னா. அதே மூச்சுல, 'உன் மொகரைக்கு மன்னிப்பு ஒரு கேடா, வெளங்காத மூதி'ங்கறா! வேற லைனுக்குப் போனா அங்கயும் அதே. பதினோரு பேருய்யா! எல்லாம் ஒரே ராகம்!"

கிருபாகரன் அவசரமாகத் திரையின் சத்தத்தைக் குறைத்தார். சுடர்க்கொடிக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஐந்து வருடமாக அவள் ஒரு தடவைகூட வெறும் 'சரிங்க சார்' சொன்னதில்லை. சொன்ன கையோடு கட்டைவிரலால் ஒலியடைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, வாடிக்கையாளர் காதில் விழாமல் மீதி வசவையும் சொல்லிவிடுவாள். தளம் முழுக்க எல்லோரும் அப்படித்தான். வாயில் வந்ததைப் பொறுக்கியெடுத்து ஏற்றிவிட்டு, கட்டைவிரலைக் குப்பையில் போட்டிருந்தார்கள்.

இணைப்பில் ஓஹையோவிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். உண்மைப் பெயர் ஹெதர், வேலைப்பெயர் செண்பகவல்லி. "அக்கா, நான் சொன்னதுக்கு என்ன அர்த்தம்? சொன்னதும் நெஞ்சு லேசா ஆயிடுச்சு. இங்க எல்லாருமே மறுபடி மறுபடி சொல்லிப் பாக்கறாங்க."

"சொல்லுங்க தாயி. அர்த்தம் தன்னால புரியும்."

கிருபாகரன் இணைப்பை வெட்டினார். வியர்வையைத் துடைத்தபடி ஒப்புதல் தாளை அவள் பக்கம் தள்ளினார். "சுடர், நீ எங்கயும் போக வேணாம். வேலை நிரந்தரம். ஒரே ஒரு வாரம் படிமுடியை மாட்டிக்கிட்டு அந்தக் கட்டைவிரலை மட்டும் குடுத்துரும்மா. நல்ல பொண்ணுல்ல நீ?"

"சரிங்க சார்" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. உடனே பேனாவை நீட்டினார்.

அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். மீதியைச் சொன்னாள். தளமே திரும்பிப் பார்க்கும்படி, ஒரு சொல் விடாமல் சொன்னாள். சான்றிதழ் கேக்குக்குப் பக்கத்திலேயே கிடக்க, கையெழுத்தில்லாத தாளை மட்டும் நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

வாசலில் காவல் எந்திரம் அடையாள அட்டையை ஒப்படைக்கச் சொல்லி அவளை நிறுத்தவில்லை. என்ன நடந்தாலும் இங்கே திரும்புவதில்லை என்று, காலையில் உள்ளே வரும்போதே அவள் அதைக் கழற்றிக் கொடுத்திருந்தாள்.