முதுகு தேய்க்க வந்தவள்!

"ஐயோ... பொணம்! பொணம்!"

அலறல் டைல்ஸ் சுவரில் மோதியது. கூரையில் மோதியது. வெந்நீர் ஆவிக்குள் கரைந்து போனது.

பெண்கள் குளியல் கூடத்தின் கோடியில் பச்சைத் தண்ணீர்த் தொட்டி. அதில் ஒரு பெண்ணுடல் குப்புற மிதந்துகொண்டிருந்தது. அவிழ்ந்த கூந்தல் முகத்தைச் சுற்றிப் பாசி போல விரிந்திருந்தது.

அலறிய மீன் மார்க்கெட்காரி கையிலிருந்த பேசினை எறிந்துவிட்டு, உடை மாற்றும் அறைக்கு ஓடினாள். மற்ற பெண்களும் துண்டைக்கூடத் தேடாமல் அவள் பின்னால் ஓடினார்கள்.

இரண்டு பேர் மட்டும் ஓடவில்லை.

ஒருத்தி, அழுக்குத் தேய்க்கும் மேசையில் மல்லாந்து படுத்திருந்தாள். கண், மூக்கு தெரியாமல் முகம் முழுக்கத் துருவிய வெள்ளரிக்காய்.

இன்னொருத்தி, சொரசொரப்பான பச்சைக் கையுறையை மாட்டிக்கொண்டு அவள் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி கை நின்னு போச்சு?" என்றாள் படுத்திருந்தவள். "இடது கால் இன்னும் பாக்கி. தேய்!"

இன்சோன் தேய்த்தாள்.

படுத்திருந்தவள் பெயர் குவாக் மல்சூன். பூசான் துறைமுகத்தில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். ரஷ்யக் கப்பல்களில் வருகிற வைரக் கற்கள் அவள் கை வழியாகத்தான் போகும். குறுக்கே வருகிற மனிதர்கள் அவள் கத்தி வழியாகப் போவார்கள்.

அவள் வாராவாரம் இங்கே வருவதற்குக் காரணம் இருந்தது. பெண்கள் குளிக்கும் இடம். எந்த எதிரியின் அடியாளும் உள்ளே வர முடியாது. அவளுடைய ஆட்கள் தேச்சில் என்பவன் தலைமையில் வெளி நடையில், திரைக்கு அந்தப்புறம் நிற்பார்கள். உள்ளே காவலுக்கு ஒரே ஒருத்தி. பாங்ஜா. முன்னாள் ஜூடோ வீராங்கனை.

இன்சோன் இங்கே முதுகு தேய்க்கிற வேலைக்குச் சேர்ந்ததற்கும் காரணம் இருந்தது.

யோன்தூ. அவள் தங்கை.

மல்சூனின் மீன் உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருந்தவள், சமையலறையில் பார்க்கக் கூடாத ஒரு கொலையைப் பார்த்துவிட்டாள். மல்சூன் அவளைக் கொல்லவில்லை. ஆழ்கடல் மீன் கப்பலில் ஏற்றிவிட்டாள். நடுக்கடலில், ஐஸ் அறையில், கை மரத்துப்போகும்வரை மீன் வெட்டுகிற வேலை. அந்தக் கப்பலில் ஏறியவர்கள் யாரும் இறங்கி வந்து கதை சொன்னதில்லை.

கப்பல் இன்று மதியம் கிளம்புகிறது.

மல்சூன் வாய் திறந்து சொன்னாலொழிய, அதன் கேப்டன் யாரையும் இறக்க மாட்டான்.

தண்ணீர் சொட்டும் சத்தம்.

"செத்தது யாருன்னு கேக்க மாட்டியா?" வெள்ளரிக்காய்க்கு அடியிலிருந்து மல்சூனின் குரல் வந்தது.

"யாருக்கா?"

"உன் கூட்டாளி!"

இன்சோனின் கை ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது.

"என்னக்கா சொல்றீங்க..."

"நடிக்காதடி. தல்ரேதானே அவ பேரு? தோள்ல வலிக்குப் போடற பிளாஸ்திரி ஒட்டு ஒட்டிக்கிட்டு வெந்நீர்த் தொட்டில எறங்கினாளே, அந்தக் குட்டைச்சி?"

இன்சோன் இடது காலை மேலிருந்து கீழாகத் தேய்த்தாள்.

"இந்த ஊர்ல பொறந்தவ எவளாவது ஒட்டைப் பிய்க்காம வெந்நீர்ல எறங்குவாளா? ஊறி, பிசுபிசுன்னு தண்ணில மிதக்கும். பக்கத்துல இருக்கிற கிழவிங்க மூஞ்சில துப்பும்! அப்படியும் பிய்க்கலன்னா என்ன அர்த்தம்? அடியில பச்சை குத்தியிருக்கா. ஏதோ ஒரு கும்பலோட பச்சை."

"உங்களுக்குக் கண்ணு ரொம்பக் கூர்மைக்கா."

"அதனாலதான் உயிரோட இருக்கேன். பாங்ஜாகிட்ட சொன்னேன்... 'அவ பச்சைத் தண்ணித் தொட்டிக்குப் போகும்போது பின்னாடியே போ. தலையைப் புடிச்சு அமுக்கு. கொஞ்ச நேரம் துள்ளுவா. விட்டுராத'ன்னு."

மல்சூன் சிரித்தாள். வெள்ளரித் துருவல் உதிர்ந்து கழுத்தில் வழிந்தது.

"உன்னையும் தெரியும். யோன்தூவோட அக்கா. நீ மேசைக்கு மேல குனியும்போதே பாத்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே தாடை."

"அப்புறம் ஏன்க்கா என்னை விட்டு வச்சீங்க?"

"உன் கை நல்லா இருந்துச்சுடி! இந்த மாதிரி தேய்க்கிறவ கெடைக்கிறது கஷ்டம். முடிச்சதும் கொல்லலாம்னு இருந்தேன்."

கையுறை பாதத்துக்கு வந்தது.

"என் தங்கச்சிய விட்டுருங்கக்கா," என்றாள் இன்சோன். மெல்ல. கெஞ்சுவது போல.

"நான் கூடவே கொண்டு வர்ற கல்லைத் திருடிக் கேப்டன்கிட்ட குடுத்து அவளை மீட்கலாம்னு பாத்தியா? முட்டாள்! அவன் என் ஆளு. கல்லையும் வாங்கிப்பான், உன்னையும் புடிச்சு அவ பக்கத்துலயே உக்கார வச்சுக் கத்தியைக் கையில குடுப்பான். அக்காளும் தங்கச்சியும் எதிரெதிரே உக்காந்து மீன் வெட்டுங்க. யாருக்கு மொதல்ல விரல் போகுதுன்னு பந்தயம் கட்டுவானுங்க!"

ஈரத் தரையில் காலடிச் சத்தம்.

சப்... சப்... சப்...

நெருங்கியது. மேசையருகே வந்து நின்றது.

"வந்துட்டியா பாங்ஜா?" மல்சூன் சோம்பலாகக் கையை ஆட்டினாள். "இவளையும் அமுக்கிரு. இரு, இரு... முதுகு பாக்கி இருக்கு. அது முடியட்டும்."

"பாங்ஜா வர மாட்டாக்கா," என்றது ஒரு புதிய குரல்.

மல்சூன் விறைத்தாள்.

முகத்திலிருந்த வெள்ளரிக்காயை வழித்து எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். எதிரே குள்ளமாக, அகன்ற தோளோடு, உடம்பெல்லாம் நீர் சொட்ட நின்றாள் தல்ரே. மூக்கு உடைந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

மல்சூனின் பார்வை தொட்டிக்குத் தாவியது. குப்புற மிதக்கும் உடலின் முதுகு... அகலமான, தசை முறுக்கேறிய முதுகு.

பாங்ஜா!

"என் பொழைப்பே கடலுக்கடியில போய் சிப்பி எடுக்கிறதுதான்க்கா," என்றாள் தல்ரே. "மூச்சை அடக்கித்தான் சோறு திங்கிறேன். என்னைப் போய்த் தண்ணில அமுக்கச் சொன்னீங்களே! நான் அடியில போய் அவ காலைப் புடிச்சு இழுத்தேன். அவ்வளவுதான். உங்க பாங்ஜாவுக்கு ஜூடோதான் தெரியும். நீச்சல் தெரியல."

"அந்த... அந்த ஒட்டு..."

தல்ரே திரும்பி நின்று தோளிலிருந்த ஒட்டைப் பிய்த்தாள்.

அடியில் வெறும் தோல்!

"நீங்க பாக்கணும்னுதான் ஒட்டினோம்," என்றாள் இன்சோன். "பாங்ஜா உங்க பக்கத்துல நின்னா எங்களால எதுவும் பண்ண முடியாது. நீங்களே அவளை அனுப்பி வச்சீங்க. நன்றிக்கா."

மல்சூனின் முகம் முதன்முறையாக வயதைக் காட்டியது.

"கல்லு..." அவசரமாகக் கிசுகிசுத்தாள். "லாக்கர்ல இல்ல. அலமாரில என் குளியல் கூடை இருக்கு பாரு. உப்பு டப்பா. உப்புக்குள்ள இருக்கு. மொத்தமும் எடுத்துக்கோ! போயிரு!"

"எடுத்துக்கறோம்க்கா. ஆனா நாங்க கல்லுக்கு வரல."

"பின்னே?"

"உங்களைத் திருட வந்தோம்."

மல்சூன் வாயைத் திறந்து முழுப் பலத்தோடு கத்தினாள்.

"தேச்சில்!"

அடுத்த எழுத்து வெளியே வரவில்லை. இன்சோனின் முன்கை அவள் கழுத்தைச் சுற்றி இறுகியது. முதுகு தேய்த்துத் தேய்த்து உரமேறிய கை.

வெளியே திரை விலகும் ஓசை. உடனே உடை மாற்றும் அறையில் பிரளயம்!

"எவன்டா அது!"

"துணியில்லாம நிக்கிறோம், கண்ணு அவிஞ்சா போச்சு, நாயே?"

"அடிடி அவனை!"

பேசின்கள் பறந்தன. ஷாம்பு பாட்டில்கள் பறந்தன. அவித்த முட்டை ஒன்று தேச்சிலின் நெற்றியில் பட்டு உடைந்தது. அடுத்தவன் விரலைக் கண் சிமிட்டாமல் வெட்டுகிறவன், இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினான்.

"அக்கா! கூப்பிட்டீங்களா?" திரைக்கு அந்தப்புறமிருந்து கேட்டான்.

மல்சூனின் கால்கள் மேசையை உதைத்தன. ஈரத்தில் வழுக்கின.

"வெளியவே நிக்கச் சொல்றாங்க!" என்று கத்தினாள் இன்சோன். "ஒருத்தி தண்ணில விழுந்துட்டா. ஆம்புலன்ஸ் வருது. வழி விட்டு நிக்கணுமாம்!"

"சரிங்கக்கா!"

உதைத்த கால்கள் அடங்கின. உயிர் இருந்தது. நினைவு இல்லை.

ஸ்ட்ரெச்சரோடு சீருடையில் வந்த இரண்டு பெண்களும் தல்ரேயின் முக்குளிப்புத் தோழிகள். மல்சூனைத் தூக்கிப் போட்டு, தலைவரை வெள்ளைத் துணியால் மூடினார்கள். தல்ரே கூடையிலிருந்து உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டாள். பாங்ஜா தொட்டியிலேயே கிடந்தாள். அவளுக்கு இனி அவசரமில்லை.

நடையில் அடியாட்கள் வரிசையாகச் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

"திரும்பிக்குங்கடா!" என்று அதட்டினான் தேச்சில். "போர்வைக்கு உள்ள துணி இல்ல. பொம்பள பொணத்தைப் பாக்கிறது பாவம்!"

அத்தனை பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பித் தலை குனிந்தார்கள்.

அவர்களுடைய முதலாளி அவர்களுடைய முதுகுக்குப் பின்னால், சக்கரம் கிறீச்சிட, கடந்து போனாள்.

துறைமுகம். கப்பலை ஒட்டி ஆம்புலன்ஸ் நின்றது.

மல்சூன் கண் விழித்தபோது கைகள் கட்டப்பட்டிருந்தன. தொண்டையில் கத்தி முனை. எதிரே கேப்டன்.

"தங்கச்சிய எறக்கச் சொல்லுங்கக்கா," என்றாள் இன்சோன்.

மல்சூன் அவளையே வெறித்தாள். பிறகு கேப்டனிடம், "எறக்குடா," என்றாள்.

யோன்தூ இறங்கி வந்தாள். அதற்குள்ளேயே இரண்டு கையிலும் கத்திக் காயங்கள், அழுக்குத் துணிக் கட்டு. அக்காவைப் பார்த்தாள். அழவில்லை. அழுகையை எங்கேயோ விட்டுவிட்டு வந்தவள் போல நின்றாள்.

இன்சோன் அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தாள்.

"கெடைச்சுட்டாளா?" மல்சூன் இளித்தாள். "கத்தியை எடு. என் மேல ஒரு கீறல் விழுந்தாலும் இந்தக் கப்பல்காரனுங்க உங்களை உசுரோட விட மாட்டானுங்க. ராத்திரிக்குள்ள மூணு பேர் தலையும் என் மேசைல இருக்கும்!"

இன்சோன் கத்தியை எடுத்தாள்.

உப்பு டப்பாவைக் கேப்டனிடம் நீட்டினாள்.

"என்ன இது?" என்றான் அவன்.

"அக்காவோட டிக்கெட். போறதுக்கு மட்டும். திரும்பி வர்றதுக்கு இல்ல."

கேப்டன் மூடியைத் திறந்தான். உப்புக்குள் விரல் விட்டான். நான்கே விரல்கள். சுண்டு விரல் இருந்த இடத்தில் மொட்டை. எப்போதோ அவனுடைய ஒரு தவறுக்காக மல்சூன் தன் கையால் நறுக்கியது.

அவன் கல்லைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். துணி சுற்றிக் கிடந்த மல்சூனைப் பார்த்தான்.

"டேய்..." மல்சூனின் குரல் உடைந்தது. "டேய், நான் யாருன்னு..."

"தூக்குங்கடா," என்றான் கேப்டன் தன் ஆட்களிடம். "ஐஸ் அறைல போடு. கத்தி ஒண்ணு குடு."

அவள் அலறல் படிக்கட்டில் ஏறிப் போய், இரும்புக் கதவுக்குப் பின்னால் அடங்கியது.

கேப்டன் தாடையைச் சொறிந்தான்.

"எல்லாம் சரி. ஆனா கிழவியாச்சேம்மா... ஐஸ்ல பாதி வழியிலேயே தோல் கிழிஞ்சு போயிருமே?"

"கவலைப்படாதீங்க," என்றாள் இன்சோன், தங்கையின் தோளில் கை போட்டுக்கொண்டே. "பழைய தோலையெல்லாம் நானே தேய்ச்சு எடுத்துட்டேன்... இப்ப இருக்கிறது புத்தம் புதுசு!"