இந்துஜாவின் இடுப்பு எலும்பு

முப்பத்தாறு வயதுக்காரி கைத்தடி ஊன்றி, டெல்லி கரோல் பாகில் சந்திரமௌலியின் அலுவலகத்துக்கு இரண்டு மாடி ஏறி வந்ததைப் பார்த்ததுமே அவருடைய உதவியாளர் ஸ்வப்னா ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். நகரத்தின் மறுகோடி துவாரகாவிலிருந்து வந்த இந்துஜாவின் இடுப்பு எலும்பு ரத்த ஓட்டமில்லாமல் செத்துக்கொண்டிருந்தது.

"ஸ்டீராய்ட் நிறைய சாப்பிட்டிருக்கேள்னு டாக்டர் சொல்றார். சத்தியமா தொட்டதில்லை சார். எனக்குத் தெரியாம யாரோ குடுக்கறா."

ஓய்வுக்குப் பின் மருந்துப் புகார்களை விசாரித்துத் தரும் முன்னாள் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி சந்திரமௌலி அவளுடைய மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தார். கால்சியம், வலி மாத்திரை. வேறொன்றுமில்லை.

"முகம் எப்பவும் இப்படி உப்பியிருக்குமா?"

"ரெண்டு வருஷமாத்தான். பசியும் பேய்ப் பசி. பொங்கலுக்குத் திருச்சி போனப்ப மட்டும் சாப்பாடே இறங்கலை, மயங்கி விழுந்தேன். டெல்லி வந்ததும் சரியாப் போச்சு."

"இந்தப் பை திருச்சிக்கு வந்துதா?"

"வந்துது."

"அச்சா. அப்ப எது வரலை?"

இந்துஜா யோசித்தாள். "வைத்தி மாமா லேகியம். ஒழுகும்னு வச்சுட்டுப் போனேன். அது மருந்தில்லையே சார், இஞ்சி, திப்பிலி, வெல்லம். மூச்சிரைப்புக்குத் தினம் ஒரு ஸ்பூன். பொங்கலுக்கப்புறம் என் பொண்ணு ஷ்ருதிக்கும் குடுக்கறேன். ஏழு வயசு."

டாக்டரிடமும் அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை. லேகியத்தை எந்தத் தமிழ் வீட்டில் மருந்துக் கணக்கில் சேர்க்கிறார்கள்? ஏழு வயது என்றதும் ஸ்வப்னாவுக்குக் கோபம் மண்டைக்கேறியது. "அந்த ஆளை இப்பவே போய்..."

"உட்காரு. லேகியத்தைச் சோதனைக்கு அனுப்பினா முடிவு வர நாளாகும். ஒரு பாட்டிலோட அவரை இங்கே வரச் சொல்லு."

கரோல் பாகிலேயே அடுத்த தெருவில் லேகியம் கிளறி விற்கும் வைத்தி, திருநீறும் புன்னகையுமாக வந்தார். சந்திரமௌலி சாதாரணமாகச் சொன்னார்: "இவாளும் குழந்தையும் இன்னியோட லேகியத்தை நிறுத்திடறா."

"ஐயையோ, திடீர்னு நிறுத்தப்படாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். இல்லேன்னா ஆளைச் சாச்சுடும்."

"இஞ்சியையும் வெல்லத்தையும் எதுக்கு ஓய் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்? ஸ்டீராய்டைத்தான் அப்படிக் குறைப்பா. உமக்கு அது தெரிஞ்சிருக்கு."

புன்னகை போன இடம் தெரியவில்லை. "உடனே மூச்சிரைப்பு நிக்கணும்னுதானே எல்லாரும் வரா..." என்று முனகினார் வைத்தி.

"படுபாவி" என்று ஸ்வப்னா பாட்டிலைக் குப்பையில் வீசப் போனாள். சந்திரமௌலி பிடுங்கிக்கொண்டார்.

"இது சாட்சி. தவிர, இந்த ஆள் சொன்னதுல அது ஒண்ணு நிஜம். குழந்தைக்குத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. டாக்டர்தான் பார்த்துக் குறைக்கணும். எவ்வளவு உள்ளே போயிருக்குன்னு அவருக்குத் தெரியணும்."

இந்துஜா தடியை ஊன்றி எழுந்து, வைத்தியின் எதிரே போய் நின்றாள். இதுவரை மாமா என்றவள் இப்போது அப்படிக் கூப்பிடவில்லை.

"சொல்லும். என் குழந்தையோட ஸ்பூன்ல எத்தனை ஸ்டீராய்ட் மாத்திரை?"

வைத்தி தரையைப் பார்த்தார். "அளவெல்லாம் பார்க்கறதில்லைம்மா. பொடி பண்ணிக் கையால அள்ளிப் போடுவேன்."