துரைக்குத் தடவிய சர்க்கரை

"இந்த வீட்டுல மனுஷங்களுக்குக் காபி வர்றதுக்கு முன்னாடியே துரைக்கு விருந்து நடக்குதும்மா!"

ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் சமையலறை வாசலில் நின்று சொன்னாள். மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. வேகவைத்த கோழியைப் பிய்த்து அளவுக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"விருந்தா இது? ஒரு கைப்பிடி! அப்பா இருந்தப்ப துரை எப்படி இருந்தான்! இப்ப எலும்பும் தோலும்... பட்டினி போட்டே அனுப்பிடலாம்னு எண்ணமா அண்ணி?"

"சர்க்கரை வந்த உடம்பு இளைக்கத்தான் செய்யும். டாக்டர் சொன்ன அளவுதான் கொடுக்கிறேன்."

மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாத்தனாரின் பேச்சைவிட அந்த மௌனம்தான் மருமகளுக்குச் சுருக்கென்று தைத்தது.

துரை, மாமனார் வளர்த்த நாய். கண்ணை மூடும்முன் அவர் மருமகளின் கையைப் பிடித்து, "அவனைப் பார்த்துக்கம்மா" என்று மட்டும்தான் சொன்னார். அதற்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த நாளிலிருந்து காலையும் மாலையும் ஊசி. தன் தங்கை கல்யாணத்துக்குக்கூட விடிந்ததும் போய், மாலை ஊசிக்கு ஓடி வந்துவிட்டாள். அம்மா வீட்டில் ஒரு இரவு தங்கி எத்தனை காலமாயிற்று!

வழக்கம்போல் துரையைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய், அது கிண்ணத்தை நக்கி முடித்ததும் ஊசி போட்டுவிட்டு, ஈரத்துணி வாளியோடு மாடிக்கு ஏறினாள். கண் கலங்கியிருந்ததால் யாரிடமும் பேசவில்லை.

துணி உலர்த்தி, மாடியைக் கூட்டி, தொட்டியையும் கழுவி முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. கீழே 'தொம்' என்று ஒரு சத்தம்.

"ஐயோ! துரை விழுந்துட்டான்!"

படிகளில் பாய்ந்து இறங்கினாள். கூடத்தில் துரை எழுந்து, குடித்தவனைப் போலத் தள்ளாடி, சுவரில் முட்டி மறுபடி சரிந்தது. கால்கள் வெடவெடவென்று நடுங்கின. கண்கள் எங்கோ நிலைகுத்தி நின்றன.

"பாத்தியாம்மா! நேரத்துக்கு ஊசி போடாம மாடியில போய் உக்காந்தா இப்படித்தான்!" என்று நாத்தனார் அலறினாள்.

மருமகள் எதையும் காதில் வாங்கவில்லை. சமையலறைக்குள் ஓடினாள். சர்க்கரை டப்பாவை அப்படியே டம்ளரில் கவிழ்த்து, துளி தண்ணீர் விட்டு விரலால் குழைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"அடிப்பாவி! சர்க்கரை வியாதிக்குச் சர்க்கரையையே ஊட்டுறாளே! அண்ணே... சீக்கிரம் வா! கொல்லப் பாக்குறா!"

வாசலறையில் தையல் கடை வைத்திருந்த கணவன், கழுத்தில் அளவு நாடா தொங்க ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "உனக்கென்ன பைத்தியமா?"

அந்த வீட்டில் குரல் உயர்த்தியே அறியாதவள் கத்தினாள். "கையை விடுங்க! ரத்தத்துல சர்க்கரை இறங்கிடுச்சு. இப்ப இது உள்ள போகலைன்னா அவன் செத்துடுவான்! வண்டியை எடுங்க!"

அவன் கை தானாக விலகியது. அவள் துரையின் உதட்டை விலக்கி ஈறில் சர்க்கரைப் பாகைத் தடவினாள். வண்டியில் மடியில் கிடத்திக்கொண்டும் தடவினாள். "முழிச்சுக்கடா... என் ராஜா... முழிச்சுக்கடா!"

மருத்துவமனையில் டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றிவிட்டு வெளியே வந்தாள். "ஈறுல சர்க்கரை தடவினது யாரு?"

"இவதான் டாக்டர்! நல்லா நாலு வார்த்தை கேளுங்க!" என்று நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? அவங்க தடவலைன்னா இங்க வந்தே சேர்ந்திருக்காது. சரி, காலையில ஊசி யார் போட்டது?"

"நான்தான். சாப்பிட்டதும் போட்டேன்" என்றாள் மருமகள்.

"அதுக்கப்புறம் யாராவது மறுபடி போட்டீங்களா?"

நாத்தனார் சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். மாமியாரின் முகம் வெளுத்தது.

"நான்தான் டாக்டர்... இவ கோவத்துல போடாமலே மாடிக்குப் போயிட்டான்னு பொண்ணு சொன்னா. அவளே மருந்தை ஏத்திக் கொடுத்தா. நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுக் குத்திட்டேன்..."

"போட்டாங்களான்னு சந்தேகமா இருந்தா ஒரு வேளை ஊசியை விட்டுடலாம். ரெண்டு தடவை மட்டும் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே போனாள்.

மாமியார் மருமகளின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா... என் கண்ணு முன்னால போட்டிருந்தா நான் சந்தேகப்பட்டிருப்பேனா? ஏன் ஒளிச்சு ஒளிச்சுப் போட்ட?"

"மாமாவுக்குக் கடைசியில எத்தனை ஊசி அத்தே... சிரிஞ்சைப் பாத்தாலே உங்க முகம் வாடிடுது. அதான் உங்க கண்ணுல படாம..."

சொல்லி முடிக்குமுன் மாமியார் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "எனக்காகவா? எனக்காகவா ஒளிஞ்ச? உன்னைப் போய் நான்... ஐயோ என் கண்ணே!" இருவரும் விசும்பி விசும்பி அழுதார்கள். கணவன் அளவு நாடாவைக் கையில் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தான். நாத்தனார் மெதுவாக, "அண்ணி... என்னை மன்னிச்சுடுங்க" என்றாள்.

"வாலை ஆட்டுறான்! வந்து பாருங்க!" என்று உள்ளிருந்து டாக்டரம்மாவின் குரல் கேட்டது.

எல்லோரும் உள்ளே போகத் திரும்பினார்கள். மருமகள் மட்டும் தயங்கினாள். "நீங்க போங்க அத்தே. கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது, கழுவிட்டு வரேன்."

"ஒட்டட்டும்" என்றாள் மாமியார், அந்தக் கையை விடாமல்.