குளவிக்கு ஆறு மார்க்கு

“எம்மேல யாருக்குடி இவ்ளோ கோவம்?”

அம்சவள்ளி இப்படிக் கேட்டபோது நான் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் சாம்பார் சாதமும் முட்டையும் இருந்தன. முட்டை என்றால் எனக்கு உயிர். அன்று அதைத் தொட முடியவில்லை.

பதில் எனக்குத் தெரியும். அவள் மேல் யாருக்கும் கோபமில்லை. ஆனால் அந்த ஆறு மார்க்கைப் போட்டது நான்தான்.

“தெரியல” என்றேன்.

எங்கள் பள்ளி கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் இருபத்திரண்டு பேர். பத்து நாளுக்கு முன் அறிவியல் பாடம் எடுக்கும் வெற்றிவேல் சார் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். வீட்டைச் சுற்றியிருக்கும் ஏதாவது ஓர் உயிரினத்தை ஒரு வாரம் கவனித்து, படம் வரைந்து, இரண்டு பக்கம் எழுத வேண்டும். சனிக்கிழமைக்குள் போட்டோ எடுத்து, அவர் அனுப்பும் லிங்க்கில் ஏற்ற வேண்டும்.

“யார் எத எழுதறீங்கன்னு யாருக்கும் சொல்லக் கூடாது” என்றார் சார். “பக்கத்துல பேரும் எழுதாதீங்க. இந்தத் தடவ மார்க்கு போடப் போறது நான் இல்ல. நீங்கதான்.”

“நாங்களா சார்?” கவியரசன் எழுந்தே நின்றுவிட்டான். “அப்ப எனக்கு நானே முழு மார்க்கு போட்டுக்கலாமா?”

“உன்னோடது உனக்கு வராது ராசா. உக்காரு.”

ஒவ்வொருவர் எழுதியதும் வேறு மூன்று பேருக்குப் போகும். ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு ஸ்டார் வரை போடலாம். மொத்தம் இருபது. கடைசியில் ஒரு கட்டம் இருக்கும்: ‘ஏன் இந்த மதிப்பெண்? ஒரு வரி எழுதவும்.’ மூன்று பேர் போட்டதையும் கூட்டி, அதிகம் வாங்கியவர் கள்ளக்குறிச்சியில் நடக்கும் அறிவியல் கண்காட்சிக்குப் போகலாம். யாருக்கு யார் போட்டார்கள் என்று சாரின் போனில் பார்க்க முடியும். ஆனால் திறந்து பார்க்க மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

நான் வெள்ளிக்கிழமையே என் பக்கங்களை அனுப்பிவிட்டுத் தியாகதுருகத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பெரியம்மாவின் போனில் லிங்க்கைத் திறந்தேன்.

முதலில் வந்தது கோழி. அதற்கு மூன்று கால்கள் இருந்தன. ஒன்று வால் என்று பிறகுதான் தெரிந்தது. பதினான்கு கொடுத்தேன்.

இரண்டாவதாக வந்தது குளவி. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. குண்டு குண்டான அந்தக் கையெழுத்து தேவதர்ஷினியுடையது. நோட்டுக்குக் கீழே விரித்திருந்த நீலப் படுதாவும் அவள் வீட்டுடையது. அதில்தான் அவள் அம்மா மரவள்ளி வில்லைகளைக் காயப்போடுவார்.

அதற்கு முந்தைய வாரம் வகுப்பில் என்னைப் பாடம் வாசிக்கச் சொன்னார்கள். எல்லார் முன்னாலும் எனக்குக் குரல் வராது.

“பேருதான் இசைவாணி. சத்தம் இன்னா கொசு மாரி வருது” என்றாள் தேவதர்ஷினி.

வகுப்பே சிரித்தது. கவியரசன் தன் காதருகே பட்டென்று கொசு அடித்துக் காட்டினான். இரண்டு நாளைக்கு என் பெயர் கொசுவாகவே இருந்தது.

நான் அந்தப் பக்கங்களைப் படிக்கக்கூட இல்லை. ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று. மொத்தம் ஆறு. கடைசிக் கட்டத்தில், ‘எதையோ பார்த்துக் காப்பி அடித்து எழுதியது போல இருக்கிறது’ என்று எழுதி அனுப்பினேன்.

மூன்றாவது அணில். மனம் குளிர்ந்திருந்ததால் அதற்குப் பதினெட்டு கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை அம்சவள்ளி வலது கையில் கட்டோடு வந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது.

வெற்றிவேல் சார் போனைப் பார்த்துக்கொண்டே வகுப்புக்குள் வந்தார். “குளவியப் பத்தி எழுதினது யாரு?”

தேவதர்ஷினி எழுந்திருப்பாள் என்று காத்திருந்தேன். என் பக்கத்தில் அம்சவள்ளி இடது கையைத் தூக்கினாள்.

நான் தேவதர்ஷினியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் உட்கார்ந்தேதான் இருந்தாள்.

“ரெண்டு பேரு இருபது, பத்தொம்போதுன்னு போட்டிருக்காங்க” என்றார் சார். “மூணாவது ஆளு ஆறு. பாத்து எழுதினதுன்னு சொல்றாங்க. எங்கனா பாத்து எழுதினியாம்மா?”

“இல்ல சார். எங்க வூட்டு மீட்டர் பெட்டி மேல கூடு கட்டுச்சி. தினமும் தீக்குச்சி வச்சி அளந்தேன்.”

“கையெழுத்து உன்னோடது இல்லயே?”

“சனிக்கெழம காலைல கெழங்கு சீவும்போது கத்தி பட்டுடுச்சி சார். மூணு தையல். நான் சொல்லச் சொல்ல தேவதர்ஷினிதான் எழுதனா. அவங்க வூட்டு போன்லதான் போட்டோவும் எடுத்தோம்.”

தேவதர்ஷினி எழுந்தாள். “ஆமா சார். ஒரு வரிகூட என்னோடது இல்ல. ரெண்டு எடத்துல நல்லா இல்லன்னு மாத்தச் சொன்னேன். இவ வுடல.”

சார் தலையைச் சொறிந்தார். “குளவிக்கு நாப்பத்தஞ்சு. ஓணான் எழுதின சரத்குமாருக்கு நாப்பத்தெட்டு. ரூல் போட்டவனே ரூல மாத்தக் கூடாது. நாலு மணிக்குள்ள பேரு அனுப்பணும். சரத்குமார் பேர அனுப்பறேன்.”

“காப்பி” என்று பின்வரிசையில் கவியரசன் மெல்லச் சொன்னான். அது எல்லாருக்கும் கேட்டது.

அதன் பிறகுதான் சாப்பாட்டு நேரத்தில் அம்சவள்ளி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“நம்ம கிளாஸ்ல நான் யாரையும் ஒண்ணும் சொன்னதில்லயே” என்றாள். “நேத்தே எங்கம்மா கையில சொல்லிட்டேன், கள்ளக்குறிச்சி போவேன்னு. இப்ப போயி இன்னான்னு சொல்றது?” பிறகு இடது கையால் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். “நீயே படிச்சிப் பாரு. காப்பி மாரியா கீது?”

அப்போதுதான் முதல் தடவையாக அதைப் படித்தேன்.

‘முதல் நாள். குளவி ஒரு நடைக்கு ஓர் உருண்டை மண் கொண்டு வருகிறது. நான் பள்ளிக்குக் கிளம்பும் வரை இருபத்தாறு நடை. மூன்றாம் நாள். கூடு அரைத் தீக்குச்சி நீளம். நான்காம் நாள். ஒரு பச்சைப் புழுவைத் தூக்கி வந்து உள்ளே வைத்தது. இரண்டு தடவை கீழே போட்டுவிட்டது. இரண்டு தடவையும் திரும்ப எடுத்தது. ஐந்தாம் நாள். வாசலை மண்ணால் மூடிவிட்டது. குஞ்சு பிறந்ததும் தின்ன அந்தப் புழு. ஆனால் குஞ்சு வரும்போது அம்மா இருக்காது போலிருக்கிறது. ஆறாம் நாளும் அது வரவில்லை.’

இதைத் தேவதர்ஷினியே எழுதியிருந்தாலும்கூட ஆறு மார்க்குக்கு உரியது இல்லை.

“நல்லா கீதா?” என்றாள் அம்சவள்ளி.

தலையை மட்டும் ஆட்டினேன்.

மூன்றேகால் மணிக்கு வெற்றிவேல் சார் போனோடு பள்ளியை விட்டு வெளியே நடந்தார். எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டியின் அடியில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். பெயரை அனுப்பத்தான் போகிறார். நான் அடுத்த பாடம் எடுத்துக்கொண்டிருந்த டீச்சரிடம் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். அன்றைக்கு அது என் இரண்டாவது பொய்.

“சார்” என்றேன். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அவர் திரும்பினார்.

“அந்த ஆறு நான்தான் சார்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அவ உன் பக்கத்துல உக்கார்ற புள்ள ஆச்சேம்மா?” என்றார்.

“தேவதர்ஷினியோடதுன்னு நெனச்சிட்டேன்.”

சார் போனில் அந்த ஆறு மார்க்கைத் தொட்டுக் காட்டினார். “இத ரத்து பண்ணலாம். ஆனா காரணம் கேக்கும். நான் எழுதவா, நீ எழுதறியா?”

“அத அம்சவள்ளி பாப்பாளா சார்?”

“பாப்பா.”

சார் எழுதினால் ‘தவறுதலாக’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். என் பெயர்கூட வராது. கையை நீட்டிப் போனை வாங்கினேன். இரண்டு தடவை அழித்து எழுத வேண்டியிருந்தது.

‘படிக்காமல் மார்க்குப் போட்டேன். குளவியைப் பார்க்கவில்லை. கையெழுத்தைப் பார்த்தேன். இசைவாணி.’

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சார் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். போய்ச் சேர்ந்தது.

பிறகு அங்கேயே நின்று இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்து, மூன்றாவது மார்க்கை அவரே போட்டார். பத்தொன்பது. மொத்தம் ஐம்பத்தெட்டு ஆனதும் அம்சவள்ளியின் பெயரை அனுப்பினார்.

“ஒண்ணு ஏன் கொறச்சேன்னு அவகிட்ட சொல்லணும்” என்றார். “தீக்குச்சி எத்தன சென்டிமீட்டர்னு எழுதல.”

கடைசி மணிக்கு முன் சார் வகுப்பில் அம்சவள்ளியின் பெயரைச் சொன்னார். ஓணான் சரத்குமார் எழுந்து, “நல்லதாப் போச்சி சார். எனக்கு பஸ்ல வாந்தி வரும்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அம்சவள்ளி சிரிக்கவில்லை. சார் நீட்டிய போனில் நான் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளி விட்டதும் கேட்டருகே நின்றேன். அம்சவள்ளியும் தேவதர்ஷினியும் சேர்ந்து வந்தார்கள். தேவதர்ஷினியின் தோளில் இரண்டு பைகள் இருந்தன.

“என்னோடதுன்னு தெரிஞ்சிருந்தா இருபது போட்டிருப்ப, இல்ல?” என்றாள் அம்சவள்ளி.

“ஆமா.”

“படிக்காமலேயா?”

நான் தரையைப் பார்த்தேன். “ஆமா.”

“அப்ப எனக்கு மார்க்கு போட நீ லாயக்கே இல்லடி” என்றாள். அவள் குரலில் கோபம் பாதிதான் இருந்தது.

இன்னொருத்திக்கும் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. திரும்பி நின்றேன்.

“தேவதர்ஷினி, அந்த ஆறு உனக்குன்னு நெனச்சிப் போட்டது. காப்பின்னு எழுதனதும் உனக்குத்தான். தப்புடி.”

தேவதர்ஷினி என் முகத்தைப் பார்த்தாள். என் காதெல்லாம் சூடானது. ஆனால் நான் குனியவில்லை.

அவள் தன் தோளிலிருந்து அம்சவள்ளியின் பையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பிறகு தன் வீட்டுப் பக்கம் நடந்தாள்.